முப்பது வருஷமாக நிற்கிறதாம்!

அம்மாபேட்டையில் பள்ளி நடத்தும் தாளாளர் ஒருவர் நான்கு பக்கத் துண்டறிக்கை அச்சடித்துப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறார். பழைய பள்ளிக் கட்டடங்களைப் புதிய கட்டட விதிகளிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்கிவிட வேண்டுமாம். சான்று இல்லை என்று அங்கீகாரத்தை நிறுத்திவைக்கக் கூடாதாம். மீறினால் ஏழைக் குழந்தைகளின் படிப்பு பாழாய்ப் போகுமாம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் வாதம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று இந்த வட்டாரத்தில் பள்ளி நிர்வாகிகள் நாலு பேர் கூடினால் இதே பல்லவிதான். துண்டறிக்கையை வரிவரியாகப் படித்தேன். ‘கல்விச் சேவை’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘மாடிப்படி’ ஓர் இடத்திலும் இல்லை.

நான் கட்டடப் பொறியாளன், இதே அம்மாபேட்டைக்காரன். ஆகவே கல்வியின் மேன்மையைப் பற்றி அவரோடு மல்லுக்கட்டப் போவதில்லை. படிக்கட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அவருடைய முதல் வாதம், பெருமையாகத் தடித்த எழுத்தில்: எங்கள் கட்டடம் முப்பது வருஷமாக நிற்கிறது, இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. நல்லது. கும்பகோணம் காசிராமன் தெரு ஸ்ரீகிருஷ்ணா பள்ளியும் 2004 ஜூலை 16 காலை வரை நின்றுகொண்டுதான் இருந்தது. அன்று விடியும்வரை அதன் நிர்வாகியும் இதே வாக்கியத்தை எழுதி அச்சடித்திருக்கலாம், ஒரு எழுத்துகூடப் பொய்யாக இருந்திருக்காது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். கீழே விறகடுப்புச் சமையல், அதற்கு மேலே கீற்றுக் கூரை, அதையொட்டி மாடி வகுப்புகளுக்கும் கீற்றுக் கூரை. இறங்குவதற்குக் குறுகலான ஒரு படிக்கட்டு. சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடிக் கூரைக்குத் தாவி, எரிந்த கூரை அப்படியே பிள்ளைகள் தலையில் இறங்கியது. 94 குழந்தைகள். எல்லாம் தொடக்கப் பள்ளி வயசு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது திருட்டுத்தனமாக நடந்த பள்ளி இல்லை. அரசு உதவி பெறும் பள்ளி. வருஷா வருஷம் அதன் கோப்பு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. பொதுக் கட்டடங்களுக்குத் தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. அதாவது கும்பகோணத்தில் தீப்பிடித்தபோது அந்தச் சட்டத்துக்கு 39 வயது. இருக்கிற சட்டமே போதும், புதிதாக எதற்கு என்று தாளாளர் கேட்கிறார். இருந்த சட்டம் யாருக்குப் போதுமானதாக இருந்தது என்று கும்பகோணத்தில் போய்க் கேட்கட்டும்.

இரண்டாவது வாதம்தான் துண்டறிக்கையின் உயிர்நாடி. கட்டியபோது இல்லாத விதியைக் கட்டி முடித்த கட்டடத்தின் மேல் திணிக்கலாமா என்று சட்டம் படித்தவர் தோரணையில் கேட்டிருக்கிறார். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். இந்த நியாயத்தை ஒரு நகரம் ஏற்றுக்கொண்டு பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ. 1949-ல் அந்த நகரம் பள்ளிகளுக்குக் கடுமையான தீப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு விலக்கு. ‘அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ என்ற கத்தோலிக்கப் பள்ளி பழைய கட்டடம், ஆகவே அதற்கும் விலக்கு. 1958-ல் தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்தது. சட்டப்படி எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனது. சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. சில வாரங்கள் கழித்து, டிசம்பர் 1-ஆம் தேதி, பின்பக்கப் படிக்கட்டின் அடியில் குப்பைத் தொட்டியில் தீப்பிடித்தது. மேல்தளத்தில் படிக்கட்டை அடைக்கும் தீத்தடுப்புக் கதவு இல்லை. புகை நேராக நடைக்கூடத்துக்குள் புகுந்து வகுப்பறை வாசல்களை மறித்துக்கொண்டது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற பேச்சை அந்த நகரம் நிறுத்தியது.  நம் தாளாளர் கேட்பது 1949-ஆம் வருஷத்துச் சிகாகோ விலக்கை. அதை அவர் சொந்தமாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பரிசோதனை நடந்து, முடிவும் தெரிந்து, அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்தியாவில் இதற்குத் தீர்ப்பும் வந்தாயிற்று. கும்பகோணத்தைக் காரணம் காட்டி அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையையும் சேர்த்ததுதான். அங்கீகாரம் கொடுப்பதற்கு முன் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி கட்டடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் பள்ளிகளும், அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகள் பொருத்த வேண்டும். கட்டடத்தின் உறுதியை அவ்வப்போது சோதிக்க வேண்டும். ‘ஏற்கெனவே நடக்கும்’ என்று நீதிமன்றம் சொன்னதில் முப்பது வருஷக் கட்டடமும் சேர்த்தி. கொடுத்த அவகாசம் ஆறு மாதம். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்னும் அவகாசம் வேண்டும் என்கிறது துண்டறிக்கை.

அவகாசம் என்றதும் வரன்முறை விஷயத்துக்கு வரவேண்டும். 2011 ஜனவரி 1-க்கு முன் திட்டமில்லாப் பகுதிகளில் அனுமதியில்லாமல் கட்டிய கல்வி நிறுவனக் கட்டடங்களை வரன்முறைப்படுத்திக்கொள்ள 2018-ல் தமிழக அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. விண்ணப்பிக்கும் கெடுவை அப்புறம் பலமுறை நீட்டித்தது. அதே சலுகையை மாநகராட்சிக்குள் இருக்கும் எங்களுக்கும் கொடுங்கள் என்கிறார் அம்மாபேட்டைத் தாளாளர். கொடுத்தால் என்ன ஆகும்? கட்டணம் கட்டுவார், வரைபடம் தருவார், கோப்பு வரன்முறைக்கு வந்துவிடும். படிக்கட்டு அதே இரண்டரை அடியில்தான் இருக்கும். வரன்முறை காகிதத்தைச் சரிசெய்யும். கான்கிரீட்டில் வெளியே தெரியும் துருப்பிடித்த கம்பிக்கு எந்த அரசாணையின் எண்ணும் தெரியாது.

இந்த வட்டாரத்தில் ‘முப்பது வருஷக் கட்டடம்’ என்றால் பெரும்பாலும் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நானே ஏறி இறங்கிய ஒன்றைச் சொல்கிறேன், பள்ளியின் பெயர் வேண்டாம். தரைத்தளம் தறி போட்டிருந்த வீடு. தறிக்குழியை மண் கொட்டி மூடி, மேலே ஓடு பதித்து எல்.கே.ஜி. நடத்துகிறார்கள். ஒரு தளத்துக்கென்று போட்ட சுவர் அஸ்திவாரத்தின் மேல் இன்னொரு தளம். அதற்கு மேலே மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. அதற்குப் பெயர் ஸ்மார்ட் கிளாஸ். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக்கூடம். சுவரில் கை வைத்தால் தறி ஓடுவது உள்ளங்கையில் தெரியும். நூல் மூட்டையும் பஞ்சுத் தூசியும் குவிந்திருக்கும் இடம் அது. ஒரு பொறி போதும். இரண்டு வீடு தள்ளி வெள்ளிக் கொலுசுப் பட்டறை, அங்கே கேஸ் அடுப்பு.

படிக்கட்டு வீட்டுக்காகக் கட்டியது. அகலம் இரண்டரை அடி, திருப்பத்தில் முக்கோணப் படிகள். அந்தப் படியில் வேகமாக இறங்கினால் பெரியவர்களுக்கே கால் பிசகும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு பள்ளிப் படிக்கட்டுக்குக் கேட்பது ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து அடி. படிக்கட்டின் அடியில் மின்சார மீட்டர் பெட்டி. அதை ஒட்டி, பள்ளியே பிள்ளைகளுக்கு விற்கும் நோட்டுக் கட்டுகளும் யூனிஃபார்ம் மூட்டைகளும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பள்ளிக்குள் தீப்பற்றும் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. மின்சாரமும் காகிதமும் துணியும் ஒரே இடத்தில், இறங்கும் ஒரே வழியின் அடியில். கீழ்ப்படியில் கொலாப்சிபிள் கேட். பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று பூட்டு. சாவி ஆயாம்மாவிடம். ஆயாம்மா பால்வாடி வயசுக் குழந்தை ஒன்றைப் பின்பக்கம் பாத்ரூமுக்கு அழைத்துப் போயிருந்தார். மாடிக்குப் போகும் வழியில் தீயணைப்புக் கருவி மாட்டியிருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆணியிலிருந்து கழற்ற முடியாதபடி கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

மாடியிலும் கொட்டகையிலும் சேர்த்து 240 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படியில் ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளைதான் இறங்கலாம். விநாடிக்கு ஒருவர் என்றாலும், யாரும் விழாமல், அழாமல், தம்பியைத் தேடித் திரும்பி ஓடாமல் இறங்கினால் நான்கு நிமிடம். கேட் திறந்திருந்தால். தாளாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். கட்டணத்தையும் சேர்க்கையையும் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை.

அடுத்து, ஏழைக் குழந்தைகள். துண்டறிக்கையில் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்த பகுதி இது. நெசவாளர், தறிக்கூலி வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் இங்கிலீஷ் மீடியம் படிப்பது எங்களால்தான், எங்களை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று உருகியிருக்கிறார். பணக்காரப் பிள்ளைக்கு இரண்டு படிக்கட்டு, ஏழைப் பிள்ளைக்கு ஒன்று போதும் என்பதைத்தான் இவ்வளவு கண்ணீரோடு சொல்ல வேண்டியிருக்கிறதா? கும்பகோணத்தில் இறந்தது யார் வீட்டுப் பிள்ளைகள்? எல்லாம் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். குறைந்த கட்டணம் என்பது குறைந்த மேசை, குறைந்த கம்ப்யூட்டர் என்றால் ஒப்புக்கொள்ளலாம். தப்பி ஓடும் வழியில் தள்ளுபடி கிடையாது.

செலவு செலவு என்கிறார். கேட்டின் பூட்டை எடுத்துவிட்டு வாசலில் ஒரு ஆளை உட்காரவைக்க எவ்வளவு செலவு? நோட்டுக் கட்டை மீட்டர் பெட்டி பக்கத்திலிருந்து வேறு அறைக்கு மாற்ற? தகரக் கொட்டகையைப் பிரித்து, அந்தப் பிள்ளைகளைக் கீழே இறக்கி, சேர்க்கையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள? ஓ, அங்கேதான் இடிக்கிறது. வெளிப்பக்கமாக இரும்பில் இரண்டாவது படிக்கட்டு போடுவது மட்டும் உண்மையான செலவு. அதற்கும் கட்டடத்தையே இடிக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பேருந்தைப் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஒரு சிறுமி ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து செத்துப்போனாள். அதே வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது கோடை விடுமுறையில் பேருந்துகளையெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்து ஆர்.டி.ஓ. பார்க்கிறார். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா, தரை உறுதியாக இருக்கிறதா. தேறாவிட்டால் வண்டி ஓடாது. முப்பது வருஷப் பழைய பேருந்து, நன்றாகத்தான் ஓடுகிறது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிலிருந்து விலக்குக் கொடுங்கள் என்று எந்தத் தாளாளராவது துண்டறிக்கை அடித்தாரா? ஒரு மணி நேரம் உட்காரும் பேருந்துக்கு அவசர வழி உண்டு. ஏழு மணி நேரம் உட்காரும் மாடிக்குக் கேட்டால் கல்வி பாழாகிவிடும்.

லஞ்சம் பற்றி அவர் எழுதியிருப்பதில் பாதி உண்மை. மறைத்துப் பயனில்லை. கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு இடத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. எந்த மேசையில் எவ்வளவு என்று பள்ளி நடத்துகிறவர்களுக்கு மனப்பாடம். என் தொழிலிலும் கட்டடத்தை எட்டிப் பார்க்காமலேயே உறுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து தாளாளர் எடுக்கும் முடிவைப் பாருங்கள்: சான்று காசுக்குக் கிடைக்கிறது, ஆகவே சான்றே வேண்டாம், பள்ளியே சுயமாக எழுதிக் கொடுத்தால் போதும். காசு கொடுத்து வாங்கியது யார் ஐயா? கொடுத்த கையே இப்போது நானே எழுதிக்கொள்கிறேன் என்கிறது. முறையாகப் பார்க்காமல் சான்று கொடுக்கும் பொறியாளர்மீதும் அதிகாரிமீதும் உடனடி நடவடிக்கை வேண்டும் என்று அதே 2009 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. லஞ்சத்தின்மேல் உண்மையிலேயே கோபம் இருந்தால் அதை நிறைவேற்றச் சொல்லி நான்கு பக்கம் அச்சடித்திருக்கலாமே.

முதலில் அரசுப் பள்ளியைச் சரிசெய்யட்டும் என்பது இன்னொன்று. செய்யட்டும், நானும் சொல்கிறேன். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி சாஃப்டர் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது அரசு உதவி பெறும் பழம்பெரும் பள்ளி. அதற்குப் பிறகுதான் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் ராஜஸ்தானில் ஜாலாவார் மாவட்டத்துப் பிப்லோடி கிராமத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள். சேலம் மாநகராட்சிப் பள்ளிகளையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும், விதிவிலக்கே கூடாது. அங்கே ஓட்டை இருக்கிறது, அதனால் இங்கேயும் இருக்கட்டும் என்பதற்கு மட்டும் வாதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு இதில் தனி அத்தியாயமே எழுதலாம். பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசும், மார்க்கைப் பார்த்துவிட்டு அதே ஊர் வரிசையில் நிற்கும். என் கவலை மார்க் அல்ல, ராத்திரி பத்து மணிக்கு மேல் விடுதிக் கதவை வெளிப்பக்கம் பூட்டுகிறார்களா என்பதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். சங்கிலிக்கும் பூட்டுக்கும் தீ வித்தியாசம் பார்ப்பதில்லை.

விபத்து நடந்தால் சட்டம் தண்டிக்கட்டும், நடக்காதபோது எங்களை ஏன் வதைக்கிறீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. சட்டம் தண்டித்த அழகையும் பார்த்துவிடுவோம். கும்பகோணம் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஜூலையில், பத்து வருஷம் கழித்து. பத்துப் பேர் குற்றவாளிகள், பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் உயர் நீதிமன்றம் அவர் தண்டனையை அதுவரை சிறையில் இருந்த காலத்தோடு முடித்துவைத்தது, வேறு பலரை விடுவித்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை, அதன் முன்னால் இருந்த சாட்சியம் அது. பிள்ளை செத்த பிறகு சட்டத்தால் ஆவது அவ்வளவுதான். செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால்தான், அந்த ‘வதை’க்குள்தான் இருக்கிறது.

விதிகளில் அபத்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கேட்கும் பக்கவாட்டு இடைவெளியை, சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் அம்மாபேட்டைச் சந்தில் பழைய கட்டடத்துக்கு எங்கிருந்து உண்டாக்குவது? வாகனம் நிறுத்தும் இடமும் அப்படித்தான். இவற்றில் சலுகை கேட்டால் நியாயம் உண்டு, நான்கு அலுவலகத்தை ஒரே சாளரமாக்கச் சொன்னாலும் நியாயம். ஆனால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து என்றால் கட்டடத்துக்குள்ளே இருக்கும் வழி இன்னும் அகலமாக, இன்னும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றல்லவா ஆகிறது? சந்து குறுகல், அதனால் படியும் குறுகலாக இருக்கட்டும் என்பது எந்த ஊர்க் கணக்கு? பக்கவாட்டு இடைவெளிக்கான சலுகையையும் உயிர் தப்பும் வழிக்கான விதியையும் ஒரே மூட்டையில் கட்டி விலக்குக் கேட்பதுதான் இந்தத் துண்டறிக்கையின் தந்திரம்.

தாளாளர் ஐயாவுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை நான்கு பக்கம் வேண்டாம், ஒரே பக்கம் போதும், பள்ளி வாசலில் ஒட்டுங்கள். உறுதிச் சான்று கொடுத்த பொறியாளர் பெயர், அவர் கட்டடத்தை நேரில் வந்து பார்த்த தேதி. உரிமமும் தீயணைப்புச் சான்றும் காலாவதியாகும் நாள். மாடியில் உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர், இறங்கும் படிக்கட்டு எத்தனை, அதன் அகலம் என்ன, கேட் சாவி யார் கையில் இருக்கிறது. இவ்வளவையும் எழுதி ஒட்டிவிட்டு, இரண்டாவது படிக்கட்டு கட்டி முடிக்க ஆறு மாதம் அவகாசம் வேண்டும் என்று மனுப் போடுங்கள். கலெக்டர் ஆபீசுக்கு நானும் கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் படிக்கட்டுக்கு வரைபடமும் காசில்லாமல் போட்டுத் தருகிறேன்.